சரவிளக்கு, மணல், தூக்கி எறிந்த காப்ளின்: புத்தகத்தில் இல்லாத தாக்குதலுக்கு எந்த ரோல்?

உருட்டல்மன்னன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள், குழு ஐந்தாம் லெவல். வாளுக்கும் அம்புக்கும் குழப்பமே இல்லை. ஆட்டக்காரர்கள் "நான் இப்படிச் செய்யலாமா?" என்று ஆரம்பிக்கும்போதுதான் டிஎம் (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) பக்கம் தடுமாற்றம். கீழே இருப்பவற்றுக்கு ஒரு பொது வழிமுறை வேண்டும். இன்றைக்கு ஒரு தீர்ப்பு, அடுத்த அமர்வில் வேறு தீர்ப்பு என்று மாறக்கூடாது.

நாலு ஆர்க் (அரக்கர்கள்) நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, 20 அடி உயரத்தில் ஒரு சரவிளக்கு. ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) அதன் கயிற்றை அம்பால் அறுக்கிறார்.

அதே ரோக், எதிரே நிற்பவன் கண்ணில் ஒரு பிடி மணலை வீசுகிறார்.

ஃபைட்டர் (போர்வீரன்) 30 அடி உயர மதிலிலிருந்து கீழே நிற்கும் ஓகர் (பெரிய அரக்கன்) மேல் குதிக்கிறார். குதித்த வேகத்திலேயே வாளையும் செருக வேண்டுமாம்.

அதே ஃபைட்டர், பிடித்து வைத்திருக்கும் காப்ளினை (சின்ன அரக்கன்) தூக்கி இன்னொரு காப்ளின் மேல் எறிகிறார்.

விசார்ட் (மந்திரவாதி) தன் மேஜ் ஹேண்ட் மந்திரக் கையால் ஒரு குப்பி அமிலத்தை எடுத்துப் போய் எதிரியின் தலையில் ஊற்றப் பார்க்கிறார்.

இதில் எது அட்டாக் ரோல் (அடிப்பவர் உருட்டுவது), எது சேவ் (தப்பிக்க எதிராளி உருட்டுவது), எது எதிர்ச்சோதனை (இருவரும் உருட்டி ஒப்பிடுவது)? டேமேஜ் எவ்வளவு? முடியாது என்று சொல்வது சுலபம், ஆனால் அதற்குப் பிறகு யாரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள். தாராளமாகக் கொடுத்தாலோ அடுத்த சண்டையிலிருந்து எல்லார் பையிலும் மணல்தான் இருக்கும்.

ஏசி_பதினெட்டு

ரோலைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: எதிராளியை இதிலிருந்து காப்பாற்றுவது எது? கவசமும் கேடயமும் காப்பாற்றும் என்றால் ஏசிக்கு (அடி பட எட்ட வேண்டிய எண்) எதிரான அட்டாக் ரோல். ஒதுங்கும் கால், தாங்கும் உடம்பு, உறுதியான மனம் காப்பாற்றும் என்றால் சேவ். பிடித்தவனைத் திமிறி உதறும் பலம் காப்பாற்றும் என்றால் கிராப்பிள் (பிடித்து நிறுத்துவது), ஷவ் (தள்ளுவது) போல எதிர்ச்சோதனை. பிளேட் கவசம் போட்டவர் தலையில் சரவிளக்கு விழும்போது அவருடைய ஏசி 18க்கு அங்கே வேலை இல்லை.

அடுத்தது, ஒரு யோசனைக்கு எத்தனை ரோல் என்பது. இங்கேதான் பெரும்பாலான டிஎம்கள் தங்களை அறியாமலே யோசனையைக் கொன்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு ரோலிலும் வெற்றி வாய்ப்பு 65% என்று வையுங்கள். இரண்டு ரோல் கேட்டால் 42%. "முதலில் ஏறுவதற்கு அத்லெடிக்ஸ், பிறகு சமநிலைக்கு அக்ரோபாடிக்ஸ், அப்புறம் அட்டாக்" என்று மூன்று கேட்டால் 27%. அதற்குப் பேசாமல் வாளை வீசியிருக்கலாம் என்று ஆட்டக்காரருக்குத் தோன்றும். தோன்றுவதில் தப்பும் இல்லை. அதனால் ஆட்டக்காரர் பக்கம் ஒன்று, எதிராளி பக்கம் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது விலை. இதை ஒவ்வொரு சுற்றிலும் செய்ய முடியுமா, இல்லை இந்தச் சண்டையில் ஒரே ஒரு தடவைதானா? ஒரே தடவை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது என்றால் அது கேன்ட்ரிப்பையோ (செலவில்லாமல் எத்தனை தடவையும் போடக்கூடிய சின்ன மந்திரம்) சாதாரண ஆயுதத்தையோ தாண்டக்கூடாது.

இப்போது சரவிளக்கு. சணல் கயிற்றுக்கு 2 ஹிட் பாயிண்ட் (தாங்கும் டேமேஜ் அளவு) என்று வீரர் கையேட்டிலேயே இருக்கிறது. துணி, காகிதம், கயிறு வகைக்கு ஏசி 11 என்பது டிஎம் கையேட்டின் பொருட்கள் அட்டவணை. ரோக்குக்கு அட்டாக்கில் +7 என்றால் 20 பக்கப் பகடையில் 4 விழுந்தாலே போதும், 85%. பட்டால் அறுந்தது, அதற்குமேல் இழுக்க வேண்டாம். சங்கிலியில் தொங்கினால் கதை வேறு: இரும்புக்கு ஏசி 19, சங்கிலிக்கு 10 ஹிட் பாயிண்ட். அதை அம்பால் அறுக்க நான் விடமாட்டேன். சுவரில் கட்டியிருக்கும் முனையைப் போய் அவிழ்க்கச் சொல்வேன்.

விழுந்தால் டேமேஜ் எவ்வளவு? எடை எத்தனை, வேகம் எத்தனை என்று மேசையில் யாராவது கணக்குப் போட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். டிஎம் கையேட்டில் திடீர் டேமேஜுக்கென்று அட்டவணை இருக்கிறது. புத்தக அலமாரி மேலே சாய்வது 1டி10 (10 பக்கப் பகடை ஒன்று), நெருப்புக் குழியில் தடுக்கி விழுவது 2டி10, இடியும் சுரங்கத்தின் கற்கள் மேலே விழுவது 4டி10. அதே பகுதியில் லெவல் வாரியாகவும் உண்டு: 5 முதல் 10 வரையிலான லெவலுக்குச் சாதாரண அடி 2டி10, ஆபத்தான அடி 4டி10, உயிரை எடுக்கும் அடி 10டி10. சரவிளக்குக்கு 2டி10 சரியாக உட்காரும். டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ், டிசி (எட்ட வேண்டிய எண்) 13. தோற்றால் முழு டேமேஜும் குப்புற விழுவதும், ஜெயித்தால் பாதி டேமேஜ் மட்டும்.

சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். 2டி10 சராசரி 11. இரண்டாம் நிலை மந்திரமான ஷாட்டர் 3டி8, சராசரி 13.5. ஆர்க்கின் டெக்ஸ் +1, அதனால் டிசி 13ல் 55% தோற்கும். ஓர் ஆர்க்குக்குச் சராசரியாக 8 சொச்சம், நாலுக்கும் சேர்த்து 33, 34. ஒவ்வொன்றுக்கும் 15 ஹிட் பாயிண்ட் என்பதால் பெரும்பாலும் யாரும் சாகமாட்டார்கள், ஆனால் எல்லாரும் அரை உயிர். ஃபைட்டர் லாங்ஸ்வோர்டால் இரண்டு தடவை வெட்டினால் அதே ஆர்க் மேல் சராசரி 13 போல வரும். ஒரே தடவை கிடைக்கும் வாய்ப்புக்கு இரண்டரை மடங்கு பரிசு, நியாயம்தான். 4டி10 கொடுத்திருந்தால் அது ஃபயர்பால் மந்திரத்தின் பக்கம் போய்விடும். மந்திரத்துக்கு ஸ்லாட் (எண்ணிக்கையில் அடங்கிய மந்திர வாய்ப்பு) செலவழித்த விசார்ட் உங்களை முறைப்பார்.

மணல்: அட்டாக் ஆக்‌ஷனில் ஒரு அட்டாக்குக்குப் பதிலாக, 5 அடிக்குள், டெக்ஸ் சேவ். டிசி 8 + டெக்ஸ் + புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல் எண்), உங்கள் ரோக்குக்கு 15. தோற்றால் அடுத்த அட்டாக் ரோலில் அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). அவ்வளவுதான். விஷியஸ் மாக்கரி கேன்ட்ரிப்பும் இதே விளைவுதான், அது 60 அடியிலிருந்து டேமேஜும் சேர்த்துத் தருகிறது. மணல் அதைத் தாண்டவில்லை, ஆக ஒவ்வொரு சுற்றும் வீசினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்த டிசி சூத்திரம் என் கற்பனையும் இல்லை; 2024 பதிப்பில் அமிலக் குப்பியை எறிவதற்கு இதையே வைத்திருக்கிறார்கள்.

மேஜ் ஹேண்ட்: அது அட்டாக் செய்யாது என்று மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது. குப்பியிலிருந்து ஊற்றலாம் என்றும் எழுதியிருக்கிறது. ஆட்டக்காரர் இரண்டாவதைப் படிப்பார், நீங்கள் முதலாவதைப் படியுங்கள். ஓர் உயிரின் மேல் வேண்டுமென்றே அமிலம் ஊற்றுவது அட்டாக்தான். விட்டால் என்ன ஆகும் என்றால், கையால் எறிந்தால் 20 அடி தூரமும் அட்டாக் ரோலும் தேவைப்படும் 2டி6 அமிலம், 30 அடி தூரத்துக்கு ரோலே இல்லாமல் போய்ச் சேரும். ஆனால் தரையில் எண்ணெய் ஊற்ற அதே கையை விடலாம். ஒரு குப்பி எண்ணெய் 5 அடிச் சதுரத்தை மூடும், பற்றவைத்தால் இரண்டு சுற்று எரியும், உள்ளே நுழைபவருக்கும் அங்கே தன் முறையை முடிப்பவருக்கும் 5 டேமேஜ்.

குப்புறவிழுந்தவன்

ஓகர் மேல குதிக்கிறதுக்குப் புத்தகத்துலயே விதி இருக்கு, பலருக்குத் தெரியறதில்ல. 2020ல வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் பாருங்க. ஒருத்தர் இன்னொருத்தர் நிக்கிற இடத்துல விழுந்தா, கீழ இருக்கறவர் டிசி 15 டெக்ஸ் சேவ் போடணும். தோத்தா விழுந்த டேமேஜ் ரெண்டு பேருக்கும் சரிபாதி. கீழ இருக்கறவரும் குப்புற விழுவார், விழுந்தவரைவிட ரெண்டு சைஸ் பெருசா இருந்தா மட்டும் விழமாட்டார். டைனி சைஸ் ஆளுங்களுக்கு இது பொருந்தாது.

30 அடின்னா 3டி6, சராசரி 10.5. ஓகருக்கு டெக்ஸ் -1, அதனால 75% தோக்கும். ஆளுக்கு 5 டேமேஜ். 59 ஹிட் பாயிண்ட் ஓகருக்கு அது கொசுக்கடி. ஆனா ஓகர் லார்ஜ், ஃபைட்டர் மீடியம், ஒரே ஒரு சைஸ் வித்தியாசம். ஆக ஓகர் தரையில. லாபம் டேமேஜ்ல இல்ல, இங்க இருக்கு.

குதிச்ச வேகத்துல வாள் செருகறதுக்கு தனி போனஸ் எதுவும் குடுக்காதீங்க, தேவையே இல்ல. விழறது ஆக்‌ஷன் இல்ல, அவருக்கு இன்னும் முழு ஆக்‌ஷன் கையில இருக்கு. என்ன சிக்கல்னா, டேமேஜ் வாங்கி விழுந்ததால அவரும் குப்புறதான் கிடக்கறார். கிடந்தபடியே வெட்டினா தன் பக்கம் டிஸ்அட்வான்டேஜ், கிடக்கிற ஓகர் மேல 5 அடிக்குள்ள அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி பெருசை எடுக்கறது), ரெண்டும் அடிபட்டு சாதா ரோல். எழுந்திரிச்சு வெட்டினா அட்வான்டேஜ் மட்டும் மிஞ்சும். எழ பாதி வேகம், அதாவது 15 அடி வேணும். மதில் விளிம்புக்கு வர்றதுக்கு 15 அடிக்கு மேல செலவழிச்சிருந்தா எழ முடியாது. இதை குதிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. குதிச்சதுக்கு அப்புறம் சொன்னா ஏமாத்திட்ட மாதிரி இருக்கும்.

ஓகர் சேவ்ல ஜெயிச்சா மொத்த 3டி6ம் குதிச்சவருக்கே. ஓகர் பக்கத்துல நிக்குது, இவர் தரையில. அந்த 25% ரிஸ்க்தான் இதோட விலை.

மணல் விஷயத்துல ஏசி_பதினெட்டு சொன்ன அளவு சரி, காரணத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பல டிஎம்கள் இங்க சட்டுனு "பிளைண்டட்"னு சொல்லிடுவாங்க. கண்ணுல மணல், அப்ப குருடுதானேன்னு. ஒரு கண்டிஷன் பேரைச் சொன்னா அதோட வால் முழுசும் கூடவே வரும். பிளைண்டட் ஆனவன் மேல எல்லாரோட அட்டாக்கும் அட்வான்டேஜ். அட்வான்டேஜ் வந்தா ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டேமேஜ்) தானா வரும், அஞ்சாம் லெவல்ல அது 3டி6. கண்ணுக்குத் தெரியிற ஆள் மேலதான் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போறவரை அடிக்கிறது) போட முடியும், அதனால மொத்தக் குழுவும் அவன் பக்கத்துலேர்ந்து சும்மா நடந்து போயிடலாம். "உன் கண்ணுக்குத் தெரியும் இலக்கு"ன்னு ஆரம்பிக்கிற மந்திரம் எதையும் அவன் போட முடியாது. ஒரு பிடி மணலுக்கு இத்தனையா? ரெண்டாம் நிலை மந்திரம் பிளைண்ட்னஸ்/டெஃப்னஸ் செய்யற வேலை இது. டிஸ்அட்வான்டேஜ்னு மட்டும் சொல்லி நிறுத்துங்க.

ஒரு இடத்துல ஒத்துப்போகல. டெக்ஸ் சேவ் இல்ல, எதிர்ச்சோதனை வைக்கணும்னு நினைக்கிறேன்: ரோக்கோட ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைத்தந்திரம்), எதிராளியோட பெர்செப்ஷன் (கவனிப்பு) இல்ல இன்சைட் (உள்நோக்கம் புரிஞ்சுக்கறது). மணல் கண்ணுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தக் கை மண்ணை அள்ளறதைப் பாக்கறானா இல்லையாங்கறதுதான் கேள்வி.

ஏசி_பதினெட்டு

அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரோக்குக்கு எக்ஸ்பர்டீஸ் (ஒரு திறனில் புரொஃபிஷியன்சி இரட்டிப்பு) உண்டு. ஸ்லைட் ஆஃப் ஹேண்டில் அதைப் போட்டிருந்தால் ஐந்தாம் லெவலில் +10 வரும். ஆர்க்கின் பெர்செப்ஷன் +0. எதிர்ச்சோதனை வைத்தால் மணல் ஏறக்குறைய எப்போதும் ஜெயிக்கும். சேவ் சூத்திரத்தில் எக்ஸ்பர்டீஸ் நுழையாது, டிசி 15லேயே நிற்கும். சண்டையில் திறன் சோதனையை அட்டாக்குக்கு மாற்றாக வைக்கும் எல்லா இடத்திலும் இந்த ஓட்டை உண்டு. கிராப்பிளில் கூட 2014ல் அத்லெடிக்ஸ் எக்ஸ்பர்டீஸ் எடுத்த பார்டு (பாடகர் வகைப் பாத்திரம்) பெரிய பெரிய மிருகங்களைக் கட்டிப்போட்டார்கள். 2024ல் கிராப்பிள், ஷவ் இரண்டையும் சேவாக மாற்றி, டிசி 8 + ஸ்ட்ரென்த் + புரொஃபிஷியன்சி என்று வைத்தார்களே, அதோடு அந்த வழியும் அடைபட்டது.

குப்புறவிழுந்தவன்

சரி, எக்ஸ்பர்டீஸை யோசிக்கல. சேவே இருக்கட்டும். கண் இல்லாத ஜந்து, பிளைண்ட்சைட் (கண்ணில்லாம உணர்ற சக்தி) இருக்கிற ஜந்துக்கு மணல் வேலை செய்யாதுன்னு மட்டும் சேர்த்துக்குங்க.

கூட்டல்கழித்தல்

காப்ளின் எறிதலை யாரும் தொடவில்லை, அதனால் நான் எடுத்துக்கொள்கிறேன். டிஎம்கள் தேவையே இல்லாமல் கருமித்தனம் காட்டும் இடம் இது.

கைக்குக் கிடைத்த பொருளை ஆயுதமாக்கும் விதி தெரிந்ததுதான்: 1டி4, எறிந்தால் 20/60 அடி (சாதாரண தூரம்/அதிகபட்ச தூரம்), புரொஃபிஷியன்சி சேராது. 2014 வீரர் கையேட்டில் அந்த விதிக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் உடைந்த கண்ணாடி, மேசைக்கால், வாணலி இவற்றோடு ஒரு செத்த காப்ளினும் உண்டு. ஆக எறிபொருளாகக் காப்ளின் அதிகாரபூர்வமானது. இங்கே அது உயிரோடு இருப்பதுதான் புதுசு.

உங்கள் ஃபைட்டர் ஸ்ட்ரென்த் 18, அத்லெடிக்ஸ் +7 என்று வைக்கிறேன். காப்ளின் அக்ரோபாடிக்ஸ் +2. பிடிக்கும் வாய்ப்பு 70%. அது ஓர் அட்டாக் போயிற்று. இரண்டாவது அட்டாக்கில் எறிகிறார், +4 மட்டும், காப்ளின் ஏசி 15, 50%. பட்டால் 1டி4+4, 7 ஹிட் பாயிண்ட் காப்ளின் சாக 1டி4ல் 3 அல்லது 4 விழ வேண்டும், அதுவும் 50%. பட்டால்தான் இருவருக்கும் டேமேஜ் என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், ஒரு முறையில் சராசரியாகச் சாகும் காப்ளின் 0.35.

அதே இரண்டு அட்டாக்கையும் லாங்ஸ்வோர்டால் போட்டால்? +7, ஏசி 15, 65%. 1டி8+4ல் 7 வர 75%. இரண்டு வெட்டுக்குச் சராசரி 0.97 காப்ளின். எறிவது வெட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான். எறிபட்ட காப்ளினுக்கு, குறி தவறினாலும் டேமேஜ் உண்டு என்று தளர்த்திப் பாருங்கள்: 0.52. இன்னும் வாளுக்குப் பாதிதான்.

அதனால் தாராளமாக இருங்கள். எறிபட்டவனுக்கு எப்படியும் டேமேஜ், எப்படியும் குப்புற. இலக்குக் காப்ளின் மேல் பட்டால் அதுவும் குப்புற. ஸ்ட்ரென்த்தையே பயன்படுத்துங்கள், டெக்ஸ் கேட்காதீர்கள். தூரத்தை மட்டும் குறையுங்கள்: தன்னைவிட ஒரு சைஸ் சின்னது என்றால் 10 அடி, இரண்டு சைஸ் சின்னது என்றால் 20 அடி. தன் சைஸே உள்ளவரை எறிய முடியாது, அதற்கு ஷவ் இருக்கிறது, 5 அடி தள்ளலாம். தூரத்தில் ஏன் இத்தனை கறார்? பக்கத்தில் பள்ளமோ மதில் விளிம்போ இருந்தால் டேமேஜ் கணக்கெல்லாம் பறந்துவிடும், 20 அடி எறிதல் என்பது நேரடி மரணம் ஆகிவிடும். விளிம்புக்கு வெளியே எறிந்தால் மட்டும் எதிராளிக்கு ஒரு டெக்ஸ் சேவ் கொடுங்கள். ஜெயித்தால் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான்.

இன்னொன்று, ஆட்டக்காரர் கேட்பதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த காப்ளினை எறியாமல் கையில் வைத்து அடிக்கலாமா என்பார். அடிக்கலாம், 1டி4+4, காப்ளினுக்கும் அதே அளவு. ஆனால் அதற்கு ஒரு கை போய்விட்டது, கேடயமா காப்ளினா என்று முடிவு செய்யட்டும்.

உருட்டல்மன்னன்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எக்ஸ்பர்டீஸ் பிரச்சினையை நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. ஒரு பீப்பாய் எண்ணெயை உருட்டிவிட்டுப் பற்றவைப்பது. அப்புறம் எதிரியின் நுரையீரலுக்குள் கிரியேட் வாட்டர் மந்திரம்.

கூட்டல்கழித்தல்

இரண்டாவது ஒரு வரியில் முடியும். அந்த மந்திரம் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில்தான் உண்டாக்கும். நுரையீரல் திறந்த பாத்திரம் இல்லை. மழையாகப் பெய்விக்கலாம், நனைவான். மந்திரம் தன் வரிகளில் எழுதியிருப்பதை மட்டும் செய்யும்.

பீப்பாய்தான் சுவாரசியம். ஒரு குப்பி எண்ணெய் ஒரு பைண்ட். அதில் நனைந்தவனுக்கு ஒரு நிமிடத்துக்குள் நெருப்பு டேமேஜ் ஏதாவது பட்டால் கூடுதலாக 5. பீப்பாய் கொள்ளளவு 40 கேலன், அதாவது 320 பைண்ட். உங்கள் மேசையில் கணக்குப் புலி ஒருவர் இருந்தால் 320ஐ 5ஆல் பெருக்கி 1600 டேமேஜ் என்று நிமிர்ந்து பார்ப்பார்.

பெருக்கல் சரி, பெருக்கிய இடம் தப்பு. ஓர் உடம்பு ஒரு தடவைதான் நனையும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் தரைக்குப் போகிறது. எண்ணெய் அதிகமானால் டேமேஜ் கூடாது, பரப்பு கூடும். பீப்பாய் உடைந்து ஓடினால் எத்தனை சதுரம் என்று நீங்களே வரைபடத்தில் குறியுங்கள். 320 சதுரத்தையும் நிரப்ப வேண்டியதில்லை, அறைக்குச் சுவர் உண்டு. பற்றிய சதுரத்தில் நுழைபவருக்கும் அங்கே முறையை முடிப்பவருக்கும் 5. ஆழமாகத் தேங்கிய இடம் என்று ஒன்றிரண்டு சதுரத்தை வேண்டுமானால் நெருப்புக் குழியாக எடுத்து 2டி10 வையுங்கள். இரண்டு சுற்று என்பது குப்பிக்கு. பீப்பாய்க்குச் சண்டை முடியும் வரை எரியட்டும். புகையை மறந்துவிடாதீர்கள், மூன்றாவது சுற்றிலிருந்து அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, இரு தரப்புக்கும்.

உருட்டிவிடும் பீப்பாய் மோதினால்? டெக்ஸ் சேவ், தோற்றால் 1டி10ம் குப்புறவும். நல்ல சரிவு இருந்தால் 2டி10.

இந்த 1600 கணக்கும் விவசாயிகள் வரிசை என்று பேர்போன அந்த ஈட்டி வேடிக்கையும் ஒரே குடும்பம். ஆயிரக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்தி, ரெடி ஆக்‌ஷனால் ஈட்டியைக் கைக்குக் கை மாற்றி, 6 விநாடிச் சுற்றுக்குள் பல மைல் கடக்கவைத்து, "இந்த வேகத்துக்கு டேமேஜ் என்ன" என்று கேட்பது. ஈட்டி கைமாறும் வரை விதிப்புத்தகம், கடைசி ஆள் விடும்போது மட்டும் இயற்பியல். விதியிலேயே நின்றால் கடைசி ஆள் எறிவது சாதாரண ஈட்டி, 20/60 அடி, 1டி6. இயற்பியலிலேயே நின்றால் 6 விநாடியில் ஈட்டி பத்து இருபது கை மாறினாலே பெரிசு. 2024 டிஎம் கையேடு இந்த வேடிக்கையையே உதாரணமாக எடுத்து, விதிகள் இயற்பியல் அல்ல என்று சொல்லிவிட்டது.

மூன்றாம்_செயல்

பாத்ஃபைண்டர் (இதே வகை வேறொரு விளையாட்டு) இரண்டாம் பதிப்பு ஆடுகிறவர்கள் இதைப் படித்துக் குழம்பாமல் இருக்க ஒரு குறிப்பு. அங்கே எதிர்ச்சோதனையே கிடையாது. அத்லெடிக்ஸ் உருட்டுவது ஒரு பக்கம் மட்டும். ஷவ், கிராப்பிள் என்றால் எதிராளியின் ஃபார்ட்டிட்யூட் (உடல் உறுதி) டிசி, டிரிப் (தடுக்கி விழவைப்பது), டிஸ்ஆர்ம் (ஆயுதத்தைத் தட்டிவிடுவது) என்றால் ரிஃப்ளெக்ஸ் (ஒதுங்கும் வேகம்) டிசி. மணலுக்கும் ரிஃப்ளெக்ஸ் டிசியை எடுத்துக்கொண்டால் முடிந்தது. இவற்றுக்கெல்லாம் அட்டாக் குறி உண்டு, அதனால் அதே முறையில் இரண்டாவது முயற்சிக்கு -5, மூன்றாவதுக்கு -10. நீங்களாக ஒரு வித்தையை உருவாக்கும்போது பலரும் மறப்பது இந்தக் குறியைத்தான். போடாவிட்டால், இரண்டு தடவை வெட்டிய பிறகு மூன்றாவது செயலாக எல்லாரும் மணல்தான் வீசுவார்கள்.

டிசியை 10 தாண்டினால் பெருவெற்றி, 10 குறைந்தால் பெருந்தோல்வி என்பதால் நான்கு விளைவுகளும் முன்பே யோசித்திருக்க வேண்டும். டிரிப்பைப் பார்த்துச் செய்யுங்கள்: பெருவெற்றிக்கு 1டி6 கூடுதல் டேமேஜ், பெருந்தோல்விக்கு முயன்றவரே விழுகிறார். மணலுக்குப் பெருந்தோல்வி என்றால் காற்று திரும்பி வீசியது, மணல் உங்கள் கண்ணில். கைக்குக் கிடைத்த ஆயுதங்களுக்கு இங்கே அட்டாக்கில் -2.

குப்புறவிழுந்தவன்

சரவிளக்குக்குத் திரும்பி வர்றேன், ஒண்ணு விட்டுப்போச்சு. விழுந்த இடம் 10 அடிச் சதுரம் டிஃபிகல்ட் டெரைன், ஒரு அடி நகர ரெண்டு அடி செலவு. குப்புற விழுந்த ஆர்க் எழறதுக்கே பாதி வேகம் போயிடும், மிச்சம் 15 அடி, சிதறல்ல அது 7 அடிதான், கட்டத்துல ஒரே கட்டம். ஆனா ஆர்க்குக்கு அக்ரசிவ்னு ஒண்ணு இருக்கு, போனஸ் ஆக்‌ஷன்ல எதிரியைப் பாத்து தன் வேகம் முழுசும் ஓடலாம். ஆக அந்தச் சிதறல் ஆர்க்கைத் தடுக்கும்னு நம்பி பின்னாடி இருக்கற விசார்டை அப்படியே விட்டுடாதீங்க.

ஏசி_பதினெட்டு

அந்த மண்டபத்தில் வேறு வெளிச்சம் இருக்கிறதா என்பதையும் கயிற்றை அறுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் விழுந்தது சரவிளக்கு மட்டும் இல்லை, மண்டபத்தின் ஒரே விளக்கும் அதுதான். ஆர்க்குகளுக்கு 60 அடி டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் சக்தி) உண்டு. குழுவில் எத்தனை பேர் மனிதர்கள்?

உருட்டல்மன்னன்

மூன்று பேர். ரோக்கும் அதில் ஒருவர்.